ஜப்பானியக் கண்ணாடிச் சிற்ப ரசிகராவது எப்படி?

ஓவியத்துக்கு ரசிகர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். அங்கே போனால் நின்று கருத்துச் சொல்லக்கூட இடம் கிடைக்காது. மட்பாண்டக் கலைக்குள் நுழைந்தவர்கள் யாரும் இன்னும் வெளியே வரவில்லை. மிச்சமிருப்பது சமகால ஜப்பானியக் கண்ணாடிச் சிற்பம். கூட்டம் குறைவு. ஏசி உண்டு. நீங்கள் சொல்வது தவறென்று சொல்லக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கமாட்டார். இருந்தாலும் ஜப்பானியர் என்பதால் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கலையைப் பற்றி எதுவும் தெரியாமலேயே தெரிந்தவர் என்று பெயர் வாங்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஆங்காங்கே எச்சரிக்கைகள் கொடுத்திருக்கிறோம். ரசிகரின் நிம்மதியைக் குலைக்கக்கூடிய உண்மைகள் அவற்றில் உள்ளன. பள்ளம் எங்கே என்று தெரிந்தால்தானே விலகி நடக்க முடியும் என்பதற்காக மட்டும் அவற்றைச் சேர்த்தோம். படித்ததும் மறந்துவிடவும்.

தேவையான பொருட்கள்

கறுப்புச் சட்டை 1. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளக் கைகள் 2 (அருங்காட்சியகக் காவலருக்கும் இது பிடிக்கும்). தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்க்கும் பழக்கம். வாயைத் திறக்காமல் மூக்கிலிருந்தே வரவழைக்கும் ஒரு ‘ம்ம்’. பொறுமை தேவையில்லை, அது கலைஞரிடம் இருந்தால் போதும்.

படி 1: ‘ஜென்’ என்று சொல்லுங்கள்

நிறமில்லாத எந்தக் கண்ணாடியின் முன் நின்றாலும் ‘ஜென்’ என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன் சற்று மௌனம் காக்கவும். சொன்ன பிறகு விளக்கவே கூடாது. யாராவது விளக்கம் கேட்டால், விளக்கினால் அது ஜென் ஆகாது என்று அவர்மீதே பழியைப் போட்டுவிடலாம். எளிமை, வெறுமை, நிச்சலனம் ஆகிய மூன்றையும் கையிருப்பில் வைத்துக்கொள்ளவும்.

எச்சரிக்கை: மியாகி மாகாணத்தில் மட்சுஷிமா என்ற கடலோர ஊர் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். க்யோஹெய் ஃபுஜிதாவுக்கென்று ஒரு அருங்காட்சியகத்தை 1996இல் அங்கே திறந்து வைத்திருக்கிறார்கள். 1921இல் டோக்கியோவில் பிறந்து, உலோகக் கலை படித்துவிட்டுக் கண்ணாடிக்கு வந்தவர் ஃபுஜிதா. 1970களில் அவர் செய்யத் தொடங்கிய மூடி போட்ட அலங்காரப் பெட்டிகள்தாம் அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தன. சுடச்சுட இருக்கும் கண்ணாடியைத் தங்க ரேக்கின் மேலும் பிளாட்டின ரேக்கின் மேலும் நிறக் கண்ணாடித் துணுக்குகளின் மேலும் உருட்டி, அச்சுக்குள் விட்டு ஊதி, ஆறிய பின் அறுத்து மூடி வேறு உடல் வேறாக்கி, பளபளப்பை அமிலத்தால் தணித்து, விளிம்புக்கு உலோகப் பட்டை கட்டிய பெட்டிகள் அவை. பழைய அரக்குப் பெட்டிகளின் செல்வச் செழிப்பு முழுவதும் அவற்றில் குடியேறியிருக்கிறது. எளிமையைத் தேடினால் பிளாட்டினத்துக்கு அடியில்தான் தேட வேண்டும். 2002இல் ஜப்பான் அரசு அவருக்குத் தன் உயரிய பண்பாட்டு விருதைக் கொடுத்தது. கண்ணாடிக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

அந்தப் பெட்டி ஒன்றின் முன் மாட்டிக்கொண்டீர்களானால் பதற்றப்பட வேண்டாம். “இதற்குள்ளும் ஒரு வெறுமை இருக்கிறது” என்று சொல்லுங்கள். பெட்டி காலிதானே, யாரும் மறுக்க முடியாது.

படி 2: ஆயிரமாண்டுப் பாரம்பரியத்தை நம்புங்கள்

ஜப்பானில் எதைப் பார்த்தாலும் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்வது மரபு. கண்ணாடிக்கும் அதையே சொல்லுங்கள். தாத்தா ஊதினார், அப்பா ஊதினார், இப்போது மகன் ஊதுகிறான் என்று ஒரு காட்சியை மனத்தில் ஓட்டிக்கொண்டால் குரல் தானாகவே கனத்துவிடும்.

எச்சரிக்கை: நாரா நகரத்தின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டிலிருந்து காத்துவரும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அது பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது. உள்ளூரில் மணிகள் செய்தார்கள். ஊதிச் செய்யும் கலங்கள் பிற்பாடு நாகசாகிக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல்களின் தயவில்தான் பரவின. மெய்ஜி காலத்தில் அரசாங்கமே டோக்கியோவின் சினாகவாவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை எடுத்து நடத்தி, பிரிட்டிஷ் தொழிலாளர்களை வரவழைத்துக் கற்றுக்கொண்டது. கோஸோ ககாமி 1927இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டுக்குப் போய்ச் செதுக்கு வேலை படித்துவிட்டு வந்து, 1934இல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். தோஷிச்சி இவாதா தன் பங்குக்கு ஊது கண்ணாடியைக் கலைக் கண்காட்சிகளுக்குள் கொண்டுபோனார். அப்போதும் நடைமுறை என்னவோ ஒன்றுதான்: கலைஞர் படம் வரைவார், தொழிற்சாலை ஊதும்.

1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டனும் டொமினிக் லாபினோவும் ஒரு சிறிய உலையை வைத்து, கலைஞரே தன் பட்டறையில் கண்ணாடியை உருக்கலாம் என்று காட்டினார்கள். அந்தப் பொறி ஜப்பானுக்கும் வந்தது. கண்ணாடிக் கலைஞர்களின் சங்கம் 1972இல் அமைந்தது. டோக்கியோ கண்ணாடிக் கலைப் பயிலகம் 1981இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஹொக்கைடோ நவீனக் கலை அருங்காட்சியகம் உலகக் கண்ணாடிக் கலையை ஒரே கூரைக்கடியில் கூட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. ஆகவே உங்களுக்கு அறுபது வயது தாண்டியிருந்தால், இந்தப் புராதனப் பாரம்பரியத்துக்கு நீங்கள் அண்ணன் அல்லது அக்கா முறை.

படி 3: தனியொரு கலைஞனைக் கற்பனை செய்யுங்கள்

மலையடிவாரம். ஒற்றைக் குடில். உள்ளே ஒரு முதியவர், ஒரு நெருப்பு, வேறு யாருமில்லை. இந்தப் படத்தை எப்போதும் கண்முன் வைத்திருக்கவும். ஒரு பட்டறைக்குள் கால் வைத்தால் இந்தப் படம் கிழிந்துவிடும் என்பதால் பட்டறைக்குப் போவதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்கிறோம். உலை ஆயிரம் டிகிரிக்கு மேல் இரவு பகலாக எரிகிறது. செலவை மிச்சம் பிடிக்கலாமென்று ராத்திரி அணைக்க முடியாது. சூடும் குளிருமாக மாறினால் உள்ளே கண்ணாடி வைத்திருக்கும் கலமே பிளந்துவிடும். ஒன்றரை மீட்டர் நீள இரும்புக் குழாயின் நுனியில் பாகு போன்ற கண்ணாடியைச் சுருட்டி எடுக்கிறார்கள். எடுத்த நொடியிலிருந்து குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கும். தலைமைக் கலைஞர் பலகையில் உட்கார்ந்து குழாயை உருட்டுகிறார். நனைத்து மடித்த செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் கண்ணாடியை அதனாலேயே தடவி உருவம் கொடுக்கிறார். காகிதத்திலிருந்து எழும் ஆவிதான் கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்கிறது. (நேற்றைய செய்திகள் உருப்படியான காரியத்துக்குப் பயன்படும் இடம் அதுவொன்றுதான்.)

குழாயின் மறுமுனையில் இன்னொருவர் மண்டியிட்டு ஊதுகிறார். மூன்றாமவர் மரப் பலகையைப் பிடித்துத் தலைவரின் கையில் வெப்பம் தாக்காமல் மறைக்கிறார். நான்காமவர் மறுசூட்டு உலையின் கதவைத் திறந்து மூடுகிறார். கடைசியில் தடித்த கையுறையும் முகமூடியும் போட்ட ஒருவர், குழாயிலிருந்து தட்டிப் பிரித்த உருவத்தைக் குழந்தையை வாங்குவதில் பாதி அவசரத்தோடும் முழு பயத்தோடும் வாங்கி, ஆறவைக்கும் சூளைக்குள் கொண்டுபோய் வைக்கிறார். இத்தனைக்கும் பேச்சு என்று பார்த்தால் ஊது, போதும், கதவு; அவ்வளவுதான். கண்காட்சிச் சீட்டில் ஒரே பெயர் இருக்கும். நீங்கள் அந்த ஒரு பெயரை மட்டும் நம்பவும்.

படி 4: ‘உறைந்த நீர்’ என்று வியந்துகொள்ளுங்கள்

அலைபோல வளைந்து, ஓரத்தில் கடல்பச்சை தெரிகிற சிற்பம் ஏதாவது கண்ணில் பட்டால், “நீர் உறைந்து நிற்கிறது” என்று சொல்லுங்கள். தைரியம் உள்ளவர்கள் இதற்கு மேலும் போகலாம்: “உண்மையில் கண்ணாடி ஒரு திரவம், மிக மெதுவாக வழிந்துகொண்டே இருக்கிறது, பழைய தேவாலய ஜன்னல்களின் அடிப்பாகம் தடித்திருப்பது அதனால்தான்.” கேட்பவர் சிலிர்த்துப்போவார்.

எச்சரிக்கை: அந்த ஜன்னல்கள் செய்யும்போதே மேடுபள்ளமாக வந்தவை. அறை வெப்பத்தில் கண்ணாடி வழிவதை மனித ஆயுளிலும் பார்க்க முடியாது, தேவாலயத்தின் ஆயுளிலும் பார்க்க முடியாது.

அலைபோல நிற்கும் அந்தச் சிற்பம் பெரும்பாலும் நியோகோ இகுதாவுடையதாக இருக்கும். 1953இல் பிறந்த கியோட்டோக்காரர். அவர் உருக்குவதுமில்லை, ஊதுவதுமில்லை. ஜன்னலுக்குப் போடுகிற தட்டைக் கண்ணாடியைத்தான் எடுக்கிறார். கீற்றுக்கீற்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து இம்மி திருப்பி, பசையால் ஒட்டி, விளிம்புகளைத் தேய்த்து அடுக்கிக்கொண்டே போகிறார். நேர்க்கோடுகளாகவே இருக்கும் கீற்றுகள் சேர்ந்து நின்றதும் வளைவும் சுழலுமாகின்றன. அந்தப் பச்சையும் அவர் பூசியது அல்ல. மணலில் இருக்கும் இரும்பின் வேலை அது. தட்டைக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறம் தெரியாது; ஒளி விளிம்பின் வழியாக நீளவாக்கில் பயணித்து வரும்போதுதான் பச்சை தெரியும். உங்கள் வீட்டுக் கண்ணாடி மேசையின் ஓரத்திலும் அதே பச்சை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட ரசிகர்கள் சிலர் வீட்டுக்குப் போய் மேசையைச் சுற்றிச்சுற்றி வந்து குடும்பத்தாரைக் கவலைக்கு உள்ளாக்கியிருக்கக்கூடும்.

கால் வலித்தால் சிற்பத்தின் மேலேயே உட்காரலாமா என்ற கேள்வி எழும். ஜப்பானில் கூடாது. பாரிஸில் கூடும்: ஓர்சே அருங்காட்சியகத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களுக்கு எதிரே டோகுஜின் யோஷியோகா வடிவமைத்த கண்ணாடி பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள்.

படி 5: ‘பெண்மையின் மென்மை’யைக் கண்டுபிடியுங்கள்

மெல்லிய வேலைப்பாடு எதுவானாலும், அதைச் செய்தவர் பெண்ணென்று சீட்டில் இருந்தால், ‘பெண்மையின் மென்மை’ என்று சொல்லிவிட்டு நகரலாம். சீட்டைப் படிக்காமல் சொன்னால் ஆபத்து. ஜப்பானியப் பெயர்களில் ஆண் எது பெண் எது என்று ஊகிப்பது கடினம்.

எச்சரிக்கை: கோபேயில் பிறந்த எட்சுகோ நிஷி, பின்னிய லேஸ்போலத் தோன்றும் கண்ணாடிக் கிண்ணங்கள் செய்கிறார். விரலால் தொட்டால் நொறுங்கிவிடுமோ என்று இருக்கும். அவற்றைச் செய்யும் முறையில் ஊதுவதே கிடையாது. ஜிப்ஸமும் சிலிக்காவும் கலந்து அச்சு வார்க்க வேண்டும். அதன் பள்ளங்களில் கண்ணாடித் தூளையும் நொய்யையும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். சூளையில் தூள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடேற்ற வேண்டும்; கொஞ்சம் கூடினால் எல்லாம் உருகி ஒரே கட்டியாகும், கொஞ்சம் குறைந்தால் உதிர்ந்து மறுபடி தூளாகும். பிறகு அச்சைத் துளித்துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது என்பதால் முகமூடியோடுதான் வேலை. மென்மை என்று பார்த்தால் கடைசியில் நாம் சொல்லும் அந்த வாக்கியம் ஒன்றுதான் மென்மையாக இருக்கும்.

படி 6: தலைப்பைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுங்கள்

சிற்பத்துக்கு முன் தலைப்பைப் படிக்கவும். ‘காற்றின் நினைவு’ என்பதுபோல் ஏதாவது இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

எச்சரிக்கை: கஸுவோ கதோனாகா. 1946இல் இஷிகாவா மாகாணத்தில் பிறந்த இவர் தன் படைப்புகளுக்கு எண்தான் கொடுக்கிறார். கண்ணாடி, இத்தனையாம் எண், முடிந்தது. பெருமூச்சு விட இடமே இல்லை. செய்முறையும் அப்படியே. உருகிய கண்ணாடி மேலேயிருந்து மெல்லிய ஒழுக்காக இறங்கி, கீழே தன்மேல் தானே சுருண்டு, மடிந்து, குவிகிறது. அதற்கு அவர் உருவம் கொடுப்பதில்லை. எவ்வளவு விழ வேண்டும், எவ்வளவு மெதுவாக ஆற வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறார். அந்தப் பச்சைக் குவியல் ஆறி முடிய மாதங்கள் ஆகும்.

மாதங்கள் என்பது கலைஞரின் பிடிவாதம் அல்ல. கண்ணாடி வெளிப்புறம் முதலில் குளிர்ந்து சுருங்கும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும். இரண்டுக்கும் இடையே இழுபறி. அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அன்றைக்கே வெடிக்கலாம். அல்லது உங்கள் வரவேற்பறையில் அடுத்த மாதம், விருந்தினர் முன்னிலையில் வெடிக்கலாம். ஏறக்குறைய 500 டிகிரியில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு படிப்படியாக இறக்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு டம்ளருக்கு ஓர் இரவு போதும். ஆள் தூக்க முடியாத குவியலுக்குக் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். போட்டுப் பார்க்காமலிருப்பது ரசிகருக்கு உசிதம்.

படி 7: விரிசலைக் கண்டால் கண்கலங்குங்கள்

உடைந்த கோப்பையைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானிய வழக்கத்தைப் பற்றி நீங்கள் நிச்சயமாக ஏதாவதொரு தன்னம்பிக்கைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எந்த விரிசலைக் கண்டாலும் அதை எடுத்துவிடலாம். “காயங்கள்தாம் நம்மை அழகாக்குகின்றன.” இந்த இடத்தில் குரல் உடைந்தால் நல்லது, பொன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை: யுகிதோ நிஷினாகா கலங்களை வேண்டுமென்றே உடைத்து, துண்டுகளைப் பொன்னும் வெள்ளியும் கொண்டு சேர்க்கிறார், அது திட்டமிட்ட வேலை. மற்றப் பட்டறைகளில் தானாக விழுந்த விரிசலுக்குக் கண்ணீர் கிடையாது, குப்பைத் தொட்டிதான். மறுபடி உருக்குவதற்கும் யோசிக்க வேண்டும்: சேர்மானம் வேறான இரண்டு கண்ணாடிகள் சூட்டில் வெவ்வேறு அளவு விரிந்து வெவ்வேறு அளவு சுருங்கும். கலந்துவிட்டால் அடுத்த விரிசலுக்கு அதுவே அஸ்திவாரம்.

அழிவைப் பற்றி உருகத்தான் வேண்டுமென்றால் கனாசாவாவில் வேலை செய்யும் ருயி சசாகியிடம் போகலாம், ஆனால் உங்கள் வாக்கியம் அங்கே பொருந்தாது. இலைகளையும் பூக்களையும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்துச் சூளையில் சுடுகிறார். செடி எரிந்துபோகிறது, சாம்பல் அதே இலையின் வடிவத்தில், நரம்புகளோடு, குமிழிகளோடு கண்ணாடிக்குள் தங்கிவிடுகிறது. கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்காக அவர் ஓர் அறை முழுக்க மழைத்துளிகளைத் தொங்கவிட்டார். ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு இருளில் உமிழும் பொருளை அந்தத் துளிகளுக்குள் சேர்த்திருந்தார். பார்வையாளர் உள்ளே நுழைந்தால் விளக்கு அணையும், துளிகள் ஒளிரும், நேரமாக ஆக மங்கிக்கொண்டே போகும். அதாவது, பார்க்க வந்தவரே வெளிச்சத்தைச் செலவழிக்கிறார். ஜப்பான் கடலோர ஊர்களின் வானிலையில் வெயில் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

படி 8: நகராட்சியைப் பாராட்டாதீர்கள்

இது மிக முக்கியமான படி. கலை ஆன்மாவிலிருந்து பிறக்கிறது என்பதில் உறுதியாக இருங்கள். தீர்மானம் நிறைவேற்றி, நிதி ஒதுக்கி, கட்டடம் கட்டிப் பிறக்கவைத்த கலையென்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளவும். தொயாமா நகருக்கு மட்டும் போய்விட வேண்டாம்.

தொயாமா மருந்து வியாபாரிகளின் ஊர். முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் ஜப்பான் முழுக்க நடந்து, வீடுவீடாக மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த முறை வரும்போது எது தீர்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் காசு. நவீன காலத்தில் மருந்துக்குச் சீசா வேண்டியிருந்தது. சீசா ஊதத் தொழிற்சாலைகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதத்தில் குண்டு வீச்சில் ஊரே எரிந்தது. பிறகு பிளாஸ்டிக் வந்தது. சீசாவின் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நகராட்சி முடிக்கவிடவில்லை. 1985இல் பொதுமக்களுக்குக் கண்ணாடி வகுப்பு தொடங்கியது. 1991இல் கண்ணாடிக் கலைக்கென்றே ஒரு பொதுக் கல்வி நிறுவனத்தைத் திறந்து, வெளிநாட்டு ஆசிரியர்களையும் வரவழைத்தது. படித்து முடித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடக் கூடாதே என்று, உலை வாடகைக்குக் கிடைக்கும் பட்டறையையும் ஏற்படுத்தியது. தனியாக ஓர் உலையை அணையாமல் வைத்திருக்கும் செலவை இளைஞர் யாரும் தாங்க முடியாது. 2015இல் கெங்கோ குமா வடிவமைத்த கட்டடத்தில் கண்ணாடிக் கலை அருங்காட்சியகம் வந்தது. வெளியே கருங்கல்லும் கண்ணாடியும் அலுமினியமும் பளிச்சிடும். உள்ளே உள்ளூர் தேவதாருப் பலகைகள் சாய்வாக மேலே ஏறிப்போகும். அதே கட்டடத்தில் நகர நூலகமும் இருக்கிறது, ஒரு வங்கியின் தலைமையகமும் இருக்கிறது. நூல் எடுக்க வந்த மாணவி, கடன் கேட்க வந்த கடைக்காரர், சிற்பம் பார்க்க வந்த நீங்கள் மூவரும் ஒரே கட்டடத்துக்குள்தான் நுழைய வேண்டும். பிறகு ஜென் மனநிலை எங்கிருந்து வரும்?

இன்று ஜப்பானில் கண்ணாடி செய்யும் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் ‘தொயாமா’ என்ற ஊர் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். ஆன்மாவுக்கு விலாசம் கொடுத்தது ஒரு நகராட்சி அலுவலகம் என்ற உண்மையை ஜீரணிப்பது ரசிகருக்குக் கடினம். வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்காதீர்கள்.

படி 9: தீவுப் பயணத்தைத் தவிர்க்கவும்

டோக்கியோவின் தகேஷிபா துறைமுகத்தில் கப்பல் ஏறினால் நீஜிமா என்ற எரிமலைத் தீவுக்குப் போகலாம். அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் போகிற இடம். அங்கே கோகா என்ற எரிமலைக் கல் கிடைக்கிறது. எடை குறைவு, அறுப்பதற்கு எளிது, வீடு கட்டவும் ஆகும். சிலிக்கா நிறைந்த அந்தக் கல்லை உருக்கினால், நிறம் எதுவும் சேர்க்காமலே ஆலிவ் பச்சையில் கண்ணாடி கிடைக்கும். ஒசாமு நோடா 1988இல் அங்கே கண்ணாடிக் கலை மையத்தை நிறுவினார். உலகமெங்குமிருந்து கலைஞர்களை அந்தத் தீவுக்கு வரவழைத்து விழா நடத்தத் தொடங்கினார்.

வந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான டேல் சிஹூலி. ஊர் திரும்பியதும் 1991 முதல் பெரும் கண்ணாடி உருண்டைகளை ஊதி, தீவின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். ஜப்பானிய மீனவர்கள் ஒரு காலத்தில் வலையில் கட்டி மிதக்கவிட்ட கண்ணாடி உருண்டைகள் அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம். வலையிலிருந்து அறுந்தவை பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்குவது வழக்கமாக இருந்தது. எது ஜப்பானியம், எது அமெரிக்கம் என்று பிரித்துப் பேச வேண்டிய ரசிகருக்கு இந்தத் தீவு பெரிய இடைஞ்சல். அலையும் அதிகம். வீட்டிலேயே இருங்கள்.

படி 10: வாங்குவதாகப் பாவனை செய்யுங்கள்

ஜப்பானில் இத்தகைய படைப்புகளைப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் கலைக்கூடங்களிலும் விற்பார்கள். மேல்மாடியில் சிற்பம், கீழ்த்தளத்தில் ஊறுகாய். மேலே போய் விலைச்சீட்டைப் பார்த்து, மூக்கிலிருந்து ‘ம்ம்’ வரவழைத்து, கீழே வந்து ஊறுகாய் வாங்கிக்கொண்டு போகலாம்.

தவறிப்போய் வாங்கிவிட்டால் சிற்பத்தை இலேசான மரப்பெட்டி ஒன்றில் வைத்து, கலைஞரின் கையெழுத்தோடு தருவார்கள். பெட்டியை எறிந்துவிடாதீர்கள். நிலநடுக்க நாட்டில் பெட்டிக்குள் இருக்கும் சிற்பம்தான் நிம்மதியான சிற்பம். வெளியே வைக்கும்போது அருங்காட்சியகத்தார் மெல்லிய நைலான் நரம்பால் சிற்பத்தைப் பீடத்தோடு கட்டுகிறார்கள். அடியில் மெழுகும் வைப்பதுண்டு. கிட்டப் போய் உற்றுப் பார்த்தால் அந்த நரம்பு தெரியும். நோட்டோஜிமா தீவில் 1991 முதல் கண்ணாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கம் அதையும் விடவில்லை. கதவை மூட வேண்டியதாயிற்று. தரை எப்போது வேண்டுமானாலும் ஆடும் என்று தெரிந்துகொண்டே, உடையும் பொருளை இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு மெல்லியதாகவும் செய்துகொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றி ‘நிச்சலனம்’ என்று சொல்வதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும்.

கேள்வி பதில்

கேள்வி: புகைப்படம் எடுக்கலாமா?

பதில்: அனுமதித்த இடத்தில் எடுக்கலாம். படத்தில் உங்கள் கைபேசியும், பின்னால் அவசர வழிப் பலகையில் ஓடும் பச்சை மனிதரும் தெளிவாக விழுவார்கள். சிற்பமும் ஓரளவு தெரியும்.

கேள்வி: இது சிற்பமா, பாத்திரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜப்பானியக் கலைஞர்களில் பலர் இந்தக் கேள்விக்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. ஃபுஜிதா பெட்டிதான் செய்தார், நிஷி கிண்ணம்தான் செய்கிறார். விலையைப் பார்த்தால் சிற்பமென்று தெரிந்துவிடும்.

கேள்வி: கலைஞரே பக்கத்தில் வந்து நின்றுவிட்டால்?

பதில்: அவசரத்துக்கு மட்டும் ஒரு வாக்கியம் தருகிறோம்: “ஆறவைக்க எவ்வளவு நேரமானது?” இதைக் கேட்டால் அவர் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார், நீங்கள் தலையாட்டினால் போதும். பக்கவிளைவு உண்டு: காது கொடுத்துக் கேட்டுவிட்டால், அடுத்த சிற்பத்தைப் பார்க்கும்போது பழைய வாக்கியங்கள் வாயில் வராது.

கேள்வி: நானே ஒரு முறை ஊதிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆனாலும் கேட்டதால் சொல்கிறோம். தொயாமா உட்படப் பல ஊர்ப் பட்டறைகளில் வருகிறவர்களுக்கு ஊதக் கற்றுக்கொடுக்கிறார்கள். பட்டறைக்காரர் குழாயைச் சுழற்றுவார், சூடேற்றுவார், திருத்துவார், பிரிப்பார். நீங்கள் ‘ஊது’ என்றதும் ஊதுவீர்கள், ‘போதும்’ என்றதும் நிறுத்துவீர்கள். பிறகு டம்ளர் உங்களுடையது என்று சொல்வார்கள். உடனே கையை நீட்டாதீர்கள். அது சூளைக்குள் போய்விட்டது, இன்றைக்கு வராது. நீங்கள் எவ்வளவு பெரிய ரசிகரானாலும், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும், அவசரத்துக்கு என்ன காரணம் சொன்னாலும் அது ஆறுகிற வேகத்தில்தான் ஆறும். அனுப்ப வேண்டிய முகவரியை எழுதிக் கொடுத்து, தபால் செலவைக் கட்டிவிட்டு வரிசையில் நிற்பவருக்கு இடம் விடவும்.